முகமூடிக்கு முன்னுள்ள முகம்

சாகசநாயகப் படங்களில் 'தோற்றக்கதை' எனப்படும் வகை, நாயகன் எதிரியை வெல்வதைச் சொல்ல எழுந்ததன்று. இயல்பான மனிதன் ஒருவன் எந்த இழப்பினால், எந்த அவமானத்தினால், எந்தப் பிடிவாதத்தினால் இனி இயல்பாக வாழ முடியாதவனாக மாறினான் என்பதைச் சொல்ல எழுந்தது. அவ்வகையின் இருண்ட கிளையில், அதாவது கிடைத்த ஆற்றல் வரமாக இல்லாமல் சுமையாகவே தங்கிவிடும் படங்களில், பார்வையாளரின் கவனம் சண்டையை விட்டுப் பாத்திரத்தின் அகத்தில் நிற்க வேண்டியிருப்பதால், அப்படங்களின் வெற்றி தோல்வி இயக்குநரையும் நடிகரையும் சார்ந்திருக்கும் அளவுக்குப் படத்தொகுப்பாளரையும் சார்ந்திருக்கிறது. படமாக்கப்பட்ட துண்டுகளிலிருந்து வேண்டியவற்றைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொன்றும் திரையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அளந்து, வரிசைப்படுத்துவதே படத்தொகுப்பு. கிழக்கிலங்கையின் அம்பாறை மாவட்டத்தில் கல்முனையிலிருந்து பொத்துவில், அறுகம்பே வரை நீளும் கரையில் அத்தொழிலைச் செய்துவரும் ஒருவரின் மேசையிலிருந்து பார்க்கும்போது, இவ்வகைப் படங்கள் எழுப்பும் முதன்மைக் கேள்வி, முகமூடி வருவதற்கு முன் முகம் எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும் என்பதே.

இக்கரையில் படத்தொகுப்பு சினிமாவிலிருந்து வரவில்லை. கல்யாண வீடியோவிலிருந்து வந்தது. மின்சாரம் எட்டாத ஊர்களில் வீடியோ டெக்கும் தொலைக்காட்சியும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் இரைச்சலுக்கிடையே ஓரிரவில் மூன்று படங்கள் பார்த்த தலைமுறையே, பின்னர் அதே டெக்குகள் இரண்டை ஒன்றோடொன்று இணைத்துத் தொகுப்பு வேலையையும் கற்றுக்கொண்டது. ஒரு டெக்கில் மூலநாடாவை ஓடவிட்டு, வேண்டிய பகுதி வரும்போது மட்டும் மற்றதில் பதிவுசெய்யும் இம்முறை நேர்வரிசைத் தொகுப்பு எனப்படும். இதில் நடுவில் ஒரு துண்டைப் பின்னர் செருக வேண்டுமானால், அதற்குப் பின்னுள்ள அனைத்தையும் மறுபடி பதிவுசெய்ய வேண்டும், ஒவ்வொரு மறுபதிவிலும் படம் சற்று மங்கும். ஆகவே எது முதலில், எது பின்னர் என்பதைக் கை வைப்பதற்கு முன்பே மனத்தில் முடிவுசெய்துகொள்ளும் பழக்கம் அக்காலத்தவருக்கு வந்தது. கணினி வந்தபின் எதையும் எங்கும் நகர்த்தலாம் என்றானபோது வேலை இலகுவாயிற்று. வரிசை பற்றிய அச்சம் போயிற்று. அந்த அச்சம் போனது முழுக்க நன்மைதானா என்பதில் இக்கட்டுரையாளருக்கு ஐயமுண்டு, ஏனெனில் தோற்றக்கதை என்பது அடிப்படையில் வரிசை பற்றிய சிக்கலே.

கல்யாண வீடியோ கற்றுத்தரும் மற்றொரு பாடம் முகத்தைப் பற்றியது. நிக்காஹ் முதல் வலீமா வரை எந்தச் சாச்சாவின் முகமும், எந்த மாமியின் முகமும் விடுபட்டுவிடக் கூடாது. விடுபட்டால் அது தொழிற்குறையாக அல்ல, குடும்பக் குறையாகவே எடுத்துக்கொள்ளப்படும். இக்கட்டாயத்தினால் பிள்ளைகள், முதியவர்கள், சமையற்காரர்கள் என்று நூற்றுக்கணக்கான முகங்களை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும் தொகுப்பாளர், கெமராவைப் பார்த்துச் சிரிக்கும் முகத்துக்கும் கெமரா தன்மேல் இருப்பதை அறியாத முகத்துக்கும் உள்ள வேறுபாட்டை எந்தப் பயிற்சிப் புத்தகமும் இன்றிக் கற்றுவிடுகிறார். பெண்கள் குரவையிடும்போது எல்லோரும் ஒரு பக்கம் திரும்ப, மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கடனோடு நிற்கும் வாப்பா மட்டும் தரையைப் பார்க்கும் இரண்டு வினாடிகளை எந்த வாடிக்கையாளரும் கேட்பதில்லை; ஆனால் பாத்திர வளர்ச்சி என்று திரைக்கதை நூல்கள் விரித்துரைப்பது அந்த இரண்டு வினாடிகளைத்தான்.

அறுகம்பேயில் நிலைமை வேறு. சித்திரை, வைகாசியில் தொடங்கி ஐப்பசி வரை நீளும் அலைச்சறுக்குப் பருவத்தில் விடுதிகளும் சறுக்குப் பயிற்சியாளர்களும் கேட்பது ட்ரோன் காட்சிகளும் வேக வெட்டுகளும் நிறைந்த ஒரு நிமிட வீடியோக்கள். அவ்வேலையில் தேறிய பொத்துவில் இளைஞர்களின் கை, அலை உச்சிக்கு வரும் கணத்தில் வெட்டவும் அடுத்த அலையின் உச்சியில் திறக்கவும் பழகிவிடுகிறது. அதே கை குறும்படத்துக்கு வரும்போது, அலைக்காகப் பலகையின் மேல் காத்திருக்கும் நேரத்தை முழுவதுமாக வெட்டியெறிந்துவிடுகிறது. இருண்ட தோற்றக்கதை எழுதப்படுவதோ பெரும்பாலும் அந்தக் காத்திருப்பில்தான்.

இவ்விடத்தில் பார்வையாளரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கச் சித்திரக்கதை மரபில் முகமூடி என்பது நன்மை செய்வோன் தன் அடையாளத்தைக் காத்துக்கொள்ளும் கருவி. கிழக்கிலங்கையில் அதற்கு வேறொரு நினைவு இருக்கிறது. போர்க்காலச் சுற்றிவளைப்புகளில் ஊர்மக்கள் வரிசையாக நிறுத்தப்பட, முகம் மூடப்பட்டு உட்கார்த்தி வைக்கப்பட்ட ஒருவன் தலையை அசைத்தால் அசைத்த நேரத்தில் முன்னால் நின்றவர் கொண்டுசெல்லப்படுவார். அவனைத் 'தலையாட்டி' என்றே மக்கள் அழைத்தனர். போர் முடிந்தபின் 2011 ஓகஸ்டில் 'கிரீஸ் மனிதன்' பற்றிய பீதி நாட்டின் பல பகுதிகளிலும், பொத்துவில் உள்ளிட்ட இக்கரையிலும் பரவி, இரவில் உடல் முழுதும் கிரீஸ் பூசிக்கொண்டு வீடுகளுக்குள் புகுவதாகச் சொல்லப்பட்ட உருவத்துக்காக ஊரே விழித்திருந்தது. இத்தகைய நினைவுள்ள பார்வையாளர் முன் முதற்காட்சியிலேயே முகமூடி மனிதனைக் கூரைமேல் நிறுத்தினால், இயக்குநர் எதிர்பார்க்கும் சிலிர்ப்புக்கு முன் வேறோர் உணர்வு எழுந்துவிடும். அதனாலேயே இங்கு இவ்வகைப் படம் செய்ய முனைவோர், மூடப்படப்போகும் முகத்தை முதலில் போதிய நேரம் திறந்து காட்டும் கடமையை மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சுமக்கின்றனர்.

அக்கடமையை மிக ஒழுங்காக நிறைவேற்றிய படமாக, எம். நைட் ஷியாமளன் எழுதி இயக்கி 2000 நவம்பரில் வெளிவந்த 'அன்பிரேக்கபிள்' படத்தைக் குறிப்பிடலாம். தமிழ்த் தாய்க்கும் மலையாளத் தந்தைக்கும் மகனாக 1970இல் மாஹேயில் பிறந்து பென்சில்வேனியாவில் வளர்ந்த ஷியாமளன், சித்திரக்கதைகளுக்குரிய மூன்று பகுதி அமைப்பில், அதாவது நாயகனின் தோற்றம், சிறு தீமைகளோடு மோதல், பேரெதிரியோடு இறுதிப்போர் என்ற அமைப்பில், இக்கதையை முதலில் எண்ணியதாகவும், முதற்பகுதியே தம்மை ஈர்த்ததால் அதையே முழுப்படமாக விரித்ததாகவும் கூறியிருக்கிறார். பிறர் முதல் அரைமணி நேரத்தில் முடித்துவிடும் பகுதி இங்கு 106 நிமிடங்கள் ஓடுகிறது. தயாரித்த நிறுவனமோ இதைச் சித்திரக்கதைப் படமாக விளம்பரப்படுத்த விரும்பாமல் உளவியல் மர்மப் படமாகவே சந்தைக்குக் கொண்டுவந்தது. சாகசநாயகப் படங்கள் வரிசைகட்டி வருவதற்கு முந்தைய காலம் அது.

புரூஸ் வில்லிஸ் நடித்த டேவிட் டன் என்னும் பாத்திரம் பிலடெல்பியாவில் விளையாட்டரங்கு ஒன்றின் பாதுகாவலர். அவர் பயணம் செய்த ரயில் தடம்புரண்டு 131 பேர் இறக்க, அவர் மட்டும் ஒரு கீறலும் இன்றி மிஞ்சுகிறார். விபத்துக்கு முந்தைய காட்சி படத்தொகுப்பாளர்கள் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டிய ஒன்று: முன்னிருக்கையிலுள்ள சிறுமி இரு இருக்கைகளின் இடைவெளியால் எட்டிப் பார்ப்பதுபோல் கெமரா இடமும் வலமும் அசைய, டேவிட் தம் திருமண மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் வந்தமர்ந்த பெண்ணோடு பேச்சுக் கொடுப்பதும், அது தோல்வியில் முடிவதும் வெட்டே இல்லாத ஒரே நீள்காட்சியில் நிகழ்கின்றன. விபத்து காட்டப்படுவதேயில்லை. அடுத்து மருத்துவமனையில் வைத்தியர் அவரை விசாரிக்கும்போது அவர் திரையின் பின்புறத்தில் சிறிதாக இருக்கிறார். முன்புறத்தில், குவியம் மங்கிய நிலையில், மற்றொரு நோயாளியின் வெள்ளைத் துணியில் இரத்தக்கறை மெல்லப் பரவிக்கொண்டிருக்கிறது. ஒளிப்பதிவாளர் எடுவார்டோ செர்ரா எடுத்த இத்துண்டுகளைத் தொகுத்தவர் டிலன் டிச்செனோர். இவற்றில் அவர் செய்த பெரும்பணி வெட்டாமல் விட்டதே. வெட்டாமல் விடுவது சோம்பலன்று. எந்த நொடியில் பார்வையாளரின் கண் தானாகவே முன்புறக் கறையிலிருந்து பின்புற முகத்துக்குத் தாவும் என்று கணித்து, அதன்பின்னும் காட்சியைத் தாங்கி வைத்திருக்கும் துணிவு அது.

பாத்திர வளர்ச்சி இப்படத்தில் வசனத்தால் நடப்பதில்லை, எடையால் நடக்கிறது. நிலவறையில் பாரம் தூக்கும் டேவிட்டுக்கு மகன் சொல்லாமலேயே எடையைக் கூட்டுகிறான். தூக்கியபின் எவ்வளவு இருந்தது என்று தெரியவர, தந்தை இன்னும் கூட்டச் சொல்கிறார். தட்டுகள் தீர்ந்தபின் வண்ணப்பூச்சு வாளிகளும் தொங்கவிடப்படுகின்றன. ஆற்றல் வெளிப்படும் காட்சியாக எழுதப்பட்ட இதில் கவனம் தூக்குபவரின் மேல் மட்டும் இல்லை, பார்த்துக்கொண்டிருக்கும் மகனின் மேலும் இருக்கிறது. எதிர்வினைக்காட்சி என்று தொழிலில் வழங்கும் இது, செயலைக் காட்டாமல் செயலைக் காண்பவரைக் காட்டுவது. கல்யாண வீடியோக்காரர் மாப்பிள்ளையை விட்டு வாப்பாவைக் காட்டுவதும் இதுவே. மகனின் நம்பிக்கை தந்தையின் அச்சத்தைவிட வேகமாக வளர்வதால், சமையலறையில் அவன் துப்பாக்கியை நீட்டித் தந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று நிரூபிக்க முனையும் காட்சி வரும்போது, அது வலிந்து புகுத்தியதாகத் தோன்றாமல் அந்த நிலவறையின் நேரடி விளைவாகவே நிற்கிறது.

இப்படம் அம்பாறைக் கரையில் பார்க்கப்படும்போது மற்றெங்கும் இல்லாத ஒரு கனம் பெறுகிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோர ஊர்களில் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே நாளில் தென்மேற்கே பெரலியவில் பயணிகள் ரயிலொன்று அலையில் சிக்கி 1,700க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எல்லோரும் போக ஒருவர் மட்டும் ஏன் மிஞ்சினார் என்ற கேள்வி இங்கு கற்பனையன்று. டேவிட்டின் ஒரே பலவீனமாகத் தண்ணீர் வைக்கப்பட்டிருப்பதும், நீச்சல் தடாகத்தை மூடியிருந்த விரிப்பு சுற்றிய நிலையில் அவர் தண்ணீருக்குள் அமிழும் காட்சியும், இங்குள்ளோர் பலருக்கு வெறும் கதைத்திருப்பமாகப் படுவதில்லை. ஆனால் இக்கரை மக்கள் அக்கேள்விக்கு வைத்திருக்கும் விடை வேறு: மிஞ்சியவருக்கு ஹயாத் (ஆயுள்) இருந்தது, போனவருக்கு அல்லாஹ் எழுதியது அவ்வளவே. அவ்விடை மனிதரை உடையாமல் காத்தது. அதே விடை கதையை அங்கேயே முடித்தும் விடுகிறது. ஷியாமளனின் படத்தில் கேள்வி மூடாமல் இருப்பதற்குக் காரணம், சாமுவேல் எல். ஜாக்சன் நடித்த எலைஜா பிரைஸ் அதை மூடவிடாமல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பதே. பிறக்கும்போதே கைகால்கள் முறிந்த நிலையில் பிறந்து, எலும்புகள் எளிதில் நொறுங்கும் நோயோடு வளர்ந்த அவருக்கு, தாம் இப்படி இருப்பதற்கு எதிர்முனையில் ஒருவன் இருந்தாக வேண்டும். இல்லையேல் தம் வலிக்குப் பொருளில்லை. இங்கு தோற்றக்கதை எழுத முனையும் இளைஞர்கள் பெரும்பாலும் தப்பிப் பிழைத்தவனை மட்டும் எழுதுகின்றனர். அவனை நிம்மதியாக இருக்கவிடாத இரண்டாமவனை எழுதுவதில்லை. தொகுப்பு மேசைக்கு வரும்போது அக்குறை எந்த வெட்டாலும் சரியாவதில்லை.

இரண்டாமவனை முதலாமவனைவிட ஆழமாக எழுதிய தென்னிந்தியப் படம், பேசில் ஜோசப் இயக்கி 2021 டிசம்பர் 24இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான மலையாளப் படமான 'மின்னல் முரளி'. குறுக்கன்மூலை என்ற கற்பனை ஊரில் ஒரே இரவில் இருவரை மின்னல் தாக்குகிறது. டொவினோ தோமஸ் நடித்த தையற்காரன் ஜெய்சன் ஒருவன், தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம் நடித்த தேநீர்க்கடைத் தொழிலாளி ஷிபு மற்றவன். ஆற்றல் சமம், ஊர் இருவரையும் பார்க்கும் கண் சமமன்று. ஊரால் பைத்தியக்காரன் என்று ஒதுக்கப்பட்ட ஷிபு, நெடுங்காலம் உள்ளுக்குள் வைத்திருந்த உஷா மீதான அன்பைச் சொல்லும் காட்சியில் அந்நடிகரின் முகத்தில் சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வருகின்றன. தொகுப்பாளர் அங்கு விலகி எதிரிலுள்ளவரிடம் ஓடிவிடாமல் முகத்திலேயே தங்குகிறார். உஷாவும் அவளுடைய மகளும் ஊராரின் கோபத்தில் மூண்ட தீயில் இறந்தபின் அவன் ஊரையே எரிக்கக் கிளம்பும்போது, பார்வையாளர் அவனை அஞ்சுகிறார், ஆனால் வெறுக்க முடிவதில்லை. நாயகனைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டிய வணிகக் கட்டாயம் இருப்பதால், இருளும் முரணும் நிறைந்த தோற்றக்கதை வில்லனுக்கே போய்ச் சேர்கிறது என்பது இப்படத்தில் வெளிப்படையாகத் தெரியும். உண்மையில் படத்தின் நடுப்பகுதியில் ஜெய்சனின் காட்சிகளிலிருந்து ஷிபுவிடம் திரும்பும் ஒவ்வொரு முறையும் படம் கனக்கிறது. ஜெய்சனிடம் திரும்பும்போது இலேசாகிறது. அந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்ய முயலாமல் விட்டது சரியான முடிவு.

தமிழில் இதற்கு முன் வந்த முயற்சியான மிஷ்கினின் 'முகமூடி' (2012) பற்றி இக்கரையில் எழும் பேச்சு பெரும்பாலும் அதன் சண்டைகளைப் பற்றியது. சீனடி என்னும் தற்காப்பு விளையாட்டைப் பார்த்துப் பழகிய ஊர்களில், ஜீவா நடித்த குங்ஃபூ மாணவனின் கால் எங்கே ஊன்றுகிறது, கை எங்கிருந்து எழுகிறது என்று கவனிக்கும் கண்கள் உண்டு. சண்டைகள் அழகாக எடுக்கப்பட்டவை. மிஷ்கினின் வழக்கமான நீள்காட்சிப் பொறுமையும் இடையிடையே தெரிகிறது. ஆனால் முகமூடி அணிவதற்கான முதற்காரணம் ஒரு பெண்ணைக் கவர்வதாக இருக்க, பின்னர் அது கடமையாக மாறும் இடம் நிகழ்ச்சிகளால் தள்ளப்படுகிறதே தவிர, அம்மனிதனுக்குள் நிகழ்வதில்லை. மடோன் அஷ்வினின் 'மாவீரன்' (2023) இதற்கு எதிர்த்திசையில் சென்று, கோழையான சித்திரக்கதை ஓவியன் ஒருவனுக்கு அவனே வரைந்த வீரனின் கதையைச் சொல்லும் குரல் கேட்பதாக வைத்துக்கொண்டது. நகைச்சுவை மிகுந்தாலும் அச்சம் உண்மையான அச்சமாகவே இருப்பதால் அது நிற்கிறது.

'இருண்ட' என்ற சொல்லை ஒளிப்பதிவோடு குழப்பிக்கொள்வதும் இங்கு வழக்கமாகிவிட்டது. நிறத்திருத்தம் என்பது படமெடுத்தபின் கணினியில் நிறத்தையும் ஒளியையும் மாற்றியமைக்கும் பணி; அதில் எல்லாவற்றையும் நீலமாக்கி இருட்டடித்துவிட்டால் படம் இருண்டதாகிவிடும் என்று பலர் நம்புகின்றனர். கிழக்குக் கரையின் வெயில் அதற்கு இடங்கொடாது: சூரியன் கடலிலிருந்து நேரே எழுந்து காலை எட்டு மணிக்கே முகங்களைத் தட்டையாக்கிவிடும், மாலையில் அது வயல்களுக்குப் பின்னால் போய் மறைய, கரை விரைவில் நிழலாகிவிடும். கரைவலை இழுக்கும் விடியற்பொழுதின் சாம்பல் ஒளி மட்டுமே இவ்வகைப் படத்துக்கு இயற்கையாகக் கிடைக்கும் நேரம், அதுவும் சிறிது நேரமே. எனினும் நண்பகல் வெயிலில் எடுத்த முகமும் போதிய நீளம் கொடுத்தால் இருண்டதாக இருக்க முடியும்.

அதற்குச் சான்றாக ராஜுமுருகனின் 'ஜோக்கர்' (2016) இருக்கிறது. ஹொலிவூட்டில் அதே பெயரில் 2019இல் வந்த படத்துக்கு மூன்றாண்டுகள் முந்தியது. குரு சோமசுந்தரமே நடித்த மன்னர் மன்னன் தருமபுரி மாவட்டச் சிற்றூர் ஒன்றில் தன்னை இந்திய ஜனாதிபதியாக அறிவித்துக்கொண்டு உத்தரவுகள் பிறப்பிக்கும் மனிதன். எந்தச் சித்திரக்கதையோடும் இதற்கு உறவில்லை, அவனிடம் எந்த ஆற்றலும் இல்லை. ஆயினும் வேடம், வேடத்துக்குரிய சிறு படை, வேடத்துக்குப் பின்னாலுள்ள காயம் என்று தோற்றக்கதையின் எல்லா உறுப்புகளும் இதில் உண்டு. படம் வேடத்தோடு தொடங்குகிறது. ஊர் சிரிக்கிறது, பார்வையாளரும் சிரிக்கிறார். கழிப்பறையுள்ள வீட்டுக்கே வாழ்க்கைப்படுவேன் என்ற மல்லிகாவுக்காக அவன் அலைந்ததும், அரசுத் திட்டத்தில் ஊழல் தின்றது போக எஞ்சிய அரைகுறைக் கழிப்பறை மழையில் இடிந்து அவளை நினைவிழக்கச் செய்ததும், அவளுக்காகக் கருணைக்கொலை கேட்டு நீதிமன்றம் சென்றதும் பின்னோக்கில் வருகின்றன. பின்னோக்கு முடிந்து நிகழ்காலத்துக்குத் திரும்பும்போது அதே வேடமும் அதே பேச்சும் தொடர்ந்தாலும் திரையரங்கில் சிரிப்பு நின்றுவிட்டிருக்கும்.

அந்தப் பின்னோக்கு எங்கே வைக்கப்பட்டது என்பதே இத்தொழிலில் இருப்போருக்கு உரிய பாடம். முதலில் வைத்திருந்தால் வேடம் வெறும் துயரமாகத் தெரிந்திருக்கும்; கடைசியில் வைத்திருந்தால் பார்வையாளர் படம் முழுதும் அவனை ஏளனம் செய்துவிட்டு இறுதியில் மட்டும் இரங்கியிருப்பார். சிரிப்பு பழகி, சலிப்பு தொடங்கு முன் அது வருகிறது. கைத்தொலைபேசியில் முதல் சில வினாடிகளிலேயே பார்வையாளரைப் பிடித்தாக வேண்டிய குறும்படக்காரர்களுக்கு 'அன்பிரேக்கபிள்' வைத்திருக்கும் பொறுமை கட்டுப்படியாவதில்லை என்பது நியாயமான முறைப்பாடு. முதற்காட்சியிலேயே வேடத்தைக் காட்டித்தான் தீரவேண்டும் என்றால், அதைப் பகல் வெளிச்சத்தில், முகம் மூடாமல், ஊரார் பார்க்கக் காட்டும் 'ஜோக்கர்' வரிசையே இக்கரைக்குப் பொருந்துகிறது. முகமே வெளித்தெரியாத உருவம் இரவில் நடமாடும் காட்சியோடு தொடங்கும் வரைவுகள் தொகுப்புக்கு வரும்போது, அக்காட்சியை நடுப்பகுதிக்கு நகர்த்தி, தொடக்கத்தில் வைக்க, அதே மனிதன் பகலில் சந்தையிலோ மீன்வாடியிலோ யாருடனும் பேசாமல் நிற்கும் துண்டு ஏதேனும் இருக்கிறதா என்று மூலக்காட்சிகளில் தேடுவதே இக்கட்டுரையாளரின் வழக்கம். பெரும்பாலும் இருக்கும், 'கட்' சொன்ன பின்னும் ஒளிப்பதிவாளர் கெமராவை நிறுத்த மறந்த இடத்தில்.